காதோடு ஒரு கச்சேரி

பெட்டி நிறைய சி.டி.க்கள், சுற்றிலும் அடுத்தவர் சுவர்கள். அடுக்குமாடிவாசிகள் கையைக் கடிக்காத விலையில், ஹெட்போனில் கேட்க ஒரு சி.டி. பிளேயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"மாமா, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறீங்களா? மீட்டிங் ஓடிட்டிருக்கு."

வைட்ஃபீல்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எந்த வார நாளிலும் மதியம் மூன்று மணிவாக்கில் காதில் விழக்கூடிய வாசகம் இது. ஓர் அறையில் மருமகள், லேப்டாப் முன்னால். இன்னோர் அறையில், இரவெல்லாம் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு உறங்கும் மகன். கூடத்தில் மாமனார். மயிலாப்பூரிலோ திருச்சியிலோ இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு வந்தபோது அவர் கூடவே ரயிலேற்றிக் கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் 200 சி.டி.க்கள். மார்கழிக் கச்சேரிகள், 80-களின் திரைப்பாடல்கள், எவரோ நண்பர் பதிவு செய்து கொடுத்த பழைய சபா கச்சேரிகள். அவற்றைப் பாடவைத்துக்கொண்டிருந்த பெரிய மியூசிக் சிஸ்டம் மட்டும் வரவில்லை. இந்த வீட்டில் அதற்கு இடமும் இல்லை, அது எழுப்பும் சத்தத்துக்கு நேரமும் இல்லை.

"ஒரு நல்ல ஹெட்போன் வாங்கித் தந்துடறேன்ப்பா" என்கிறான் மகன். பிரச்சினை தீர்ந்ததுபோலத்தான் தெரிகிறது. உண்மையில் அங்கேதான் அது ஆரம்பிக்கிறது. ஹெட்போனை எதில் சொருகுவது?

வேடிக்கை என்னவென்றால், வைட்ஃபீல்ட் ஒரு காலத்தில் அமைதிக்கே பேர்போன ஊர். டி.எஸ். வைட் என்பவரின் முயற்சியில், மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் வழங்கிய நிலத்தில், ஆங்கிலோ இந்தியர்களுக்கான விவசாயக் குடியேற்றமாக 1882-ல் உருவானது. தோட்டம் சூழ்ந்த வீடுகள், ஒரு வீட்டுப் பாட்டு அடுத்த வீட்டுக்கு எட்டாத தூரம். 1990-களின் இறுதியில் சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. 2023-ல் மெட்ரோ ரயில் வந்தது. தோட்டங்கள் இருந்த இடங்களில் அடுக்ககங்கள் எழுந்தன. சென்னை-பெங்களூர் ரயில் பாதை ஊரை ஒட்டியே போவதால், இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் ஏராளம். அவர்களைத் தேடி வரும் பெற்றோர்களும்தான்.

போனில் இல்லாததா?

"எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கே, எதுக்கு இந்தத் தட்டெல்லாம்?" என்பது அடுத்து எழும் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் இந்தியாவில் நடந்ததைப் பார்த்தால் பெரியவரின் பிடிவாதத்திலும் நியாயம் இருப்பது புரியும். பல ஆண்டுகள் இலவசமாகப் பாடிக்கொண்டிருந்த கானா, 2022-ல் கட்டணச் சேவையாக மாறியது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே ஆண்டில் ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. அங்கே சேர்த்துவைத்த பாட்டுப் பட்டியல்களை நம்பியிருந்தவர்கள் வேறு வாசலில் போய் நிற்க வேண்டியதாயிற்று.

இணைய இசை என்பது வாடகை வீடு. சொந்தக்காரர் சொல்லும்போது காலி செய்யத்தான் வேண்டும். சி.டி. அப்படியல்ல. 1990-களிலும் 2000-களிலும் சிறிய கர்நாடக இசை நிறுவனங்கள் வெளியிட்ட கச்சேரிப் பதிவுகள் எல்லாமே இணையத்துக்கு வந்து சேர்ந்துவிடவில்லை. வந்தவற்றிலும் சில, பிற்காலத்தில் சத்தம் கூட்டி மெருகேற்றப்பட்ட வடிவங்கள். நண்பர் பதிவு செய்து தந்த சபா கச்சேரியோ உலகத்தில் வேறெங்குமே இல்லாமலிருக்கலாம்.

இது ஒரு பெரியவரின் பழைய நினைவு மட்டுமல்ல. அமெரிக்காவில் 2004-க்குப் பிறகு முதல்முறையாக 2021-ல் சி.டி. விற்பனை ஏறியது. சிறிய, மின்கலத்தில் இயங்கும் சி.டி. பிளேயர்களைச் சீன நிறுவனங்கள் மறுபடியும் புதிதாக வடிவமைத்து விற்கின்றன.

ஜாக் இல்லாத பெட்டிகள்

ஜப்பானில் 1982 அக்டோபர் 1-ம் தேதி சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த சி.டி.பி.-101, உலகின் முதல் வணிகரீதியான சி.டி. பிளேயர்களில் ஒன்று. அதன் முகப்பிலேயே ஹெட்போன் ஜாக் இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அதற்கென்று தனி வசதியும் இருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் நடுத்தர விலை பிளேயர்களில் இது சாதாரண விஷயம்.

இன்றைய நிலை தலைகீழ். ஜாக் வைத்தால் அதற்குப் பின்னால் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் வேண்டும், வால்யூம் திருகு வேண்டும், முகப்பில் இன்னும் இரண்டு ஓட்டை போட வேண்டும். செலவைக் குறைக்க நினைக்கும் நிறுவனங்கள் முதலில் கைவைப்பது இதில்தான். கேம்பிரிட்ஜ் ஆடியோவின் ஏ.எக்ஸ்.சி.35, என்.ஏ.டி. நிறுவனத்தின் சி538 போன்ற நல்ல பெயரெடுத்த, ஆரம்ப விலை மாடல்களில் ஹெட்போன் ஜாக் கிடையாது. அவை பெரிய ஆம்ப்ளிஃபையரோடும் ஸ்பீக்கரோடும் குடும்பம் நடத்தப் பிறந்தவை. மரான்ட்ஸ் 2020-ல் கொண்டுவந்த சி.டி.6007-ல் ஜாக் உண்டு. ஆனால் அந்த ரகத்தின் விலை, ஓய்வூதியக்காரரை இரண்டு முறை யோசிக்கவைக்கும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக டாஸ்கம் தயாரித்த சி.டி.-200-லும் தனி வால்யூமுடன் ஜாக் இருக்கிறது. ஆனால் அது அழகுக்காகச் செய்யப்பட்ட பெட்டியல்ல, சட்டகத்தில் பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டி.

ஆகவே கடைக்காரரிடம் "எது நல்ல பிளேயர்?" என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. ஹெட்போன் ஜாக் இருக்கிறதா? இருந்தால், அதற்குத் தனி வால்யூம் இருக்கிறதா? இரண்டாவது கேள்வி முக்கியம். பழைய மாடல்கள் சிலவற்றில் ஜாக் இருக்கும், சத்தம் மட்டும் ஒரே அளவில் நிற்கும்.

"பின்னாடி சிவப்பு, வெள்ளை ஓட்டை இருக்கே, ஒரு கன்வர்ட்டர் பின் போட்டா போச்சு" என்று சொல்பவர்களும் உண்டு. போகாது. அந்த ஓட்டைகள் ஆம்ப்ளிஃபையருக்கு ஒலியைக் கொண்டுபோவதற்கானவை. ஹெட்போனை நேரடியாக இயக்கும் தெம்பு அவற்றுக்கு இல்லை. மிருதங்கத்தின் தொப்பி தேய்ந்துபோய்த் தகரத்தில் தட்டுவதுபோலக் கேட்கும். சத்தத்தைக் குறைக்கவும் வழி இருக்காது.

எதில் சிக்கனம்?

சி.டி. பிளேயர் விளம்பரங்களில் 24 பிட், 32 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று எண்கள் மிரட்டும். தட்டில் இருப்பது என்ன என்று பார்த்தால் பயம் தெளிந்துவிடும். ஒரு சி.டி.யில் ஒலி, விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டாகப் பதிவாகியிருக்கிறது. 1980-ல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த இந்த விதி இன்றுவரை மாறவில்லை. இதன்மூலம் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பதிய முடியும். ஆரோக்கியமான இளம் காதுக்கே அதுதான் எல்லை. வயது ஏற ஏற அந்த எல்லை கீழே இறங்கிக்கொண்டே வரும். எழுபது வயதுக் காதுக்கு அதைவிட நுட்பமான எண்களை விற்பது, கண்ணாடிக் கடையில் டெலஸ்கோப் விற்பது மாதிரி.

தட்டிலுள்ள எண்களை ஒலியாக மாற்றும் 'டாக்' எனப்படும் சில்லு ஒரு காலத்தில் விலையுயர்ந்த சமாச்சாரம். சி.டி. பிளேயர் பிரியர்கள் பக்தியோடு உச்சரித்த பெயர்களில் ஒன்று பர்-பிரவுன். அந்த நிறுவனத்தை 2000-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. 1985-லேயே பெங்களூரில் வடிவமைப்பு மையம் திறந்து, இந்நகரத்தின் மென்பொருள் யுகத்துக்குப் பிள்ளையார்சுழி போட்ட அதே நிறுவனம்தான். இன்று 16 பிட் ஒலியைக் குறையில்லாமல் மாற்றித் தரும் சில்லுகள் மலிவு விலைக் கருவிகளிலேயே வந்துவிட்டன.

அப்படியானால் மலிவான பிளேயர்கள் எங்கே கோட்டைவிடுகின்றன? இரண்டு இடங்களில். ஒன்று, தட்டைப் படிக்கும் லேசர் பகுதி. மெக்கானிக்குகள் "லென்ஸ் போச்சு" என்று சொல்வது இதைத்தான். இரண்டு, ஹெட்போனை இயக்கும் அந்தக் குட்டி ஆம்ப்ளிஃபையர். காசு போக வேண்டியது இந்த இரண்டு இடங்களுக்கும் ஹெட்போனுக்கும்தான். கையிலுள்ள தொகையில் பாதியையாவது ஹெட்போனுக்கு ஒதுக்கிவிடுவது புத்திசாலித்தனம். சாதாரண பிளேயரில் நல்ல ஹெட்போன் தரும் சுகத்தை, விலையுயர்ந்த பிளேயரில் சாதாரண ஹெட்போன் ஒருநாளும் தராது.

மூன்று வழிகள்

முதல் வழி பரணில் இருக்கிறது. 2000-களில் வாங்கி, பிறகு மறந்துபோன டி.வி.டி. பிளேயர். அதன் முதுகில் 'கோஆக்சியல்' அல்லது 'ஆப்டிகல்' என்று எழுதிய டிஜிட்டல் ஜாக் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தட்டைப் படிக்கும் வேலையை டி.வி.டி. பிளேயர் பார்த்துக்கொள்ளும். எண்களை ஒலியாக்கி ஹெட்போனை இயக்கும் வேலைக்கு, டாக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக இணைந்த சிறு பெட்டி ஒன்று வாங்கினால் போதும். ஃபீயோ கே11 போன்றவை இந்த ரகம். வால்யூம் திருகு அதிலேயே இருக்கும். நாளைக்கு டி.வி.டி. பிளேயர் மண்டையைப் போட்டாலும் இந்தப் பெட்டி வீணாகாது. இன்னொரு பழைய பிளேயரோடு சேர்ந்துகொள்ளும்.

இங்கே ஒரு கண்ணி. மலிவான டாக் பெட்டிகள் பலவற்றில் கம்ப்யூட்டருக்கான யு.எஸ்.பி. வழி மட்டுமே உண்டு. சி.டி. பிளேயரையோ டி.வி.டி. பிளேயரையோ அதில் இணைக்க முடியாது. கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் உள்வழி இருப்பதை உறுதி செய்துகொண்டே பணத்தை எடுக்க வேண்டும்.

டி.வி.டி. பிளேயருக்குத் தமிழ் வீடுகளில் தனி மவுசு ஏற்பட இன்னொரு காரணமும் உண்டு. ஒரே தட்டில் நூறு, நூற்றைம்பது பாட்டுகளோடு விற்ற எம்.பி.3 சி.டி.க்கள். பெரியவரின் பெட்டியில் நிச்சயம் பத்தாவது இருக்கும். சுத்தமான ஆடியோ சி.டி. பிளேயர்கள் சில இவற்றைச் சீண்டாது. எம்.பி.3 படிக்கும் டி.வி.டி. பிளேயர்களோ தயங்காமல் பாடும். குறையும் உண்டு. சில மாடல்களில் எத்தனையாவது பாட்டு என்று காட்டும் எண் பலகையே கிடையாது, டி.வி.யைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மேலும், ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது சில பிளேயர்கள் அரை விநாடி மூச்சு வாங்கும். சினிமாப் பாட்டில் அது தெரியாது. ராகம் தானம் பல்லவியை மூன்று டிராக்காகப் பிரித்துப் போட்ட சி.டி.யில், தம்பூரா ஸ்ருதி நடுவில் அறுந்து மறுபடி ஒட்டும். பழகிய காதுக்கு அது முள்.

இரண்டாவது வழி, கையடக்க பிளேயர். 2024-ல் வந்த ஃபீயோ டி.எம்.13 போன்ற புதியவற்றில் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் ஒழுங்காகவே அமைந்திருக்கிறது. மேஜைமேல் வைத்தும் கேட்கலாம், படுக்கைக்கும் எடுத்துப் போகலாம். பழைய டிஸ்க்மேன் ரகங்களும் மோசமில்லை. ஆனால் அவற்றில் பலவற்றிலுள்ள அதிர்வு தாங்கும் வசதி, ஒலியைச் சுருக்கி நினைவில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. மேஜைமேல் வைத்துக் கேட்கும்போது அந்தப் பொத்தானை அணைத்துவிடுவது நல்லது. அடாப்டர் விஷயத்திலும் கவனம் தேவை. முனையில் பிளஸ் எங்கே, மைனஸ் எங்கே என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தவறாகச் சொருகினால் பிளேயர் அதோடு சரி.

மூன்றாவது வழி, ஜாக்கும் வால்யூமும் உள்ள முழு அளவு பிளேயர். புதிதாக வாங்கினால் செலவு அதிகம். பழையதாகத் தேடினால் அதிர்ஷ்டம் அடிக்கலாம். ஓன்கியோ சி-7030 போன்ற மாடல்களில் இரண்டும் உண்டு. மேலே வைத்துப் பார்க்கவும் கம்பீரம். பொத்தான்கள் பெரிதாக இருப்பதால் கண்ணாடி போடாமலே இயக்கலாம் என்பது, வயதானவர்கள் உள்ள வீட்டில் அலட்சியப்படுத்தக் கூடாத அம்சம்.

பழையது வாங்கும்போது

வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவின் ஊதா தடத்தில் மெஜஸ்டிக் வரை போய், பச்சைத் தடத்துக்கு மாறிச் சிக்பேட்டையில் இறங்கினால் எஸ்.பி. ரோடு பக்கம்தான். பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தை. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு என்றால் புரியும். பழைய கருவிகளும் உதிரி பாகங்களும் தேட வேண்டிய இடங்கள் இவை. போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது. தன் ஹெட்போனையும் ஐந்து தட்டுகளையும் எடுத்துப் போக வேண்டும்.

முதலாவது, முழு நீளம் உள்ள ஒரிஜினல் சி.டி. கிராமபோன் தட்டுபோல் அல்லாமல் சி.டி. உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. முதல் பாட்டு நன்றாகப் பாடுவதை வைத்து ஏமாறக் கூடாது. கடைசிப் பாட்டைப் போட்டுக் கேட்க வேண்டும். தளர்ந்த லேசரும் தேய்ந்த பல்சக்கரமும் அங்கேதான் திக்கும். இரண்டாவது, லேசாகக் கீறல் விழுந்த தட்டு. மூன்றாவது, வீட்டில் பதிவு செய்த சி.டி. இது திருப்பி அனுப்பும் ஒளி ஒரிஜினல் தட்டைவிடக் குறைவு. பழைய பிளேயர்கள் சில இதைக் கண்டாலே முகம் திருப்பும். நான்காவது, எம்.பி.3 தட்டு. ஐந்தாவது, டிராக் மாறும்போதும் இசை நிற்காத கச்சேரி.

பிறகு ஒரு காரியம். ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பாட்டை நிறுத்தி, வால்யூமை முழுக்கத் திருகி, மெதுவாகக் காதருகே கொண்டுவர வேண்டும். இரைச்சலோ மின்சார உறுமலோ கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். வால்யூமைத் திருகும்போது கரகரவென்றால் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் தூசிதான், துடைத்தால் போய்விடும்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய பிளேயர்கள் அழகானவை, விலையும் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்நாட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். முதுகிலிருக்கும் எண்ணைப் படிக்காமல் சொருகினால், பாடுவதற்கு முன்பே புகைந்துவிடும். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் சேர்த்துத்தான் அதன் விலையைக் கணக்கிட வேண்டும்.

கடைசியாகக் கேட்க வேண்டியது, "இதன் லென்ஸ் கிடைக்குமா?" பல கம்பெனிகளின் பிளேயர்களில் சோனியோ சான்யோவோ தயாரித்த ஒரே வகை லேசர் பகுதிதான் இருக்கும். அத்தகைய பிளேயரைப் பழுதுபார்த்து ஓட்டலாம். அபூர்வமான லேசர் உள்ள விலையுயர்ந்த பிளேயர், அது போன அன்றைக்கே காட்சிப்பொருள்.

எந்த ஹெட்போன்?

அடுக்ககத்தில் முதல் முடிவு, மூடிய வகையா திறந்த வகையா என்பது. திறந்த வகை காற்றோட்டமானது, இசையும் விரிந்து கேட்கும். ஆனால் பக்கத்தில் தூங்குபவருக்கும் கேட்கும். தாத்தாவும் பேரனும் ஒரே அறையில் படுக்கும் வீட்டுக்கு மூடிய வகைதான் சரி. சென்னை வெயிலில் அது காதை வேகவைக்கும். வைட்ஃபீல்ட் குளிரில் அந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது மின்தடை. ஹெட்போன் பெட்டியில் 32 ஓம், 64 ஓம், 250 ஓம் என்று அச்சிட்டிருப்பார்கள். பழைய பிளேயர்களின் ஜாக்குகளில் உள்மின்தடை அதிகமாக இருப்பது சகஜம். அதில் 32 ஓம் ஹெட்போனைச் சொருகினால் தாழ்ந்த ஒலிகள் குழைந்துபோக வாய்ப்புண்டு. பிளேயரின் உள்மின்தடை, ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அளந்து பார்க்க வழியில்லாதவர்கள் பழைய பிளேயருக்கு 60 ஓமுக்கு மேற்பட்ட ஹெட்போனைத் தேர்ந்தெடுப்பது உத்தமம். ஒலிப்பதிவுக் கூடங்களில் பல ஆண்டுகளாகப் புழங்கும் சோனி எம்.டி.ஆர்.-7506 மூடிய வகை, 63 ஓம். அதற்கு மாறாக, 250, 300 ஓம் ஹெட்போன்களைக் கையடக்க பிளேயரில் மாட்டினால் வால்யூமை முழுக்கத் திருகினாலும் பாட்டு முணுமுணுக்கும்.

காதில் கருவி பொருத்தியிருப்பவர்கள், காதை முழுவதும் மூடும் பெரிய கிண்ணமுள்ள ஹெட்போனைப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கருவியோடு சேர்ந்து கிறீச்சிடுகிறதா என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.

பழைய இசையை ஹெட்போனில் முதல்முறை கேட்பவர்கள் திடுக்கிடுவதும் உண்டு. 50-களின் மோனோ பதிவுகள் இரண்டு காதிலும் ஒரேமாதிரி ஒலிப்பதால், பாடகர் மண்டைக்கு நடுவே உட்கார்ந்து பாடுவதுபோல் தோன்றும். ஆரம்பகால ஸ்டீரியோ பதிவுகளில் வயலின் முழுக்க ஒரு காதில், தாளம் முழுக்க இன்னொரு காதில் இருக்கலாம். பிளேயரில் கோளாறு இல்லை. ஸ்பீக்கரில் இரண்டு பக்க ஒலியும் அறையில் கலந்து காதுக்கு வரும். ஹெட்போனில் கலக்க இடமில்லை, அவ்வளவுதான்.

இரண்டு எச்சரிக்கை

ஹெட்போன் மாட்டியவருக்குத் தன் சத்தம் தெரியாது. 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். டெசிபெல் அளக்கும் கருவி யார் வீட்டிலும் இருக்காது. ஹெட்போனோடு இருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று யாராவது சாதாரணக் குரலில் கூப்பிட்டால் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் திருகைக் குறைக்கலாம்.

இரண்டாவது, தட்டுகளும் நிரந்தரமல்ல. ஒரிஜினல் சி.டி.க்கள் ஒழுங்காக வைத்திருந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். வீட்டில் பதிவு செய்தவையோ வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரமே மங்கிவிடும். நண்பர் தந்த அந்த சபா கச்சேரிகளை, விலை குறைந்த யு.எஸ்.பி. சி.டி. டிரைவ் ஒன்றின் மூலம் கம்ப்யூட்டரில் தரம் குறையாமல் நகலெடுத்து வைத்துவிட வேண்டும். பிளேயர் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம் இது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் மகனுக்கு ஒரு சனிக்கிழமை வேலை. "அப்புறம் பண்ணிடலாம்ப்பா" என்று தள்ளிப்போட்டால், தட்டு காத்திருக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், வைட்ஃபீல்ட் மாமனாருக்கு மிகவும் பொருந்துவது முதல் வழிதான். பரணிலிருந்து இறங்கும் டி.வி.டி. பிளேயர், டிஜிட்டல் உள்வழியுள்ள ஒரு டாக் பெட்டி, மூடிய வகை ஹெட்போன் ஒன்று. பிளேயருக்குச் செலவே இல்லை. பரணில் டி.வி.டி. பிளேயர் இல்லாதவர்களுக்குக் கையடக்க பிளேயர். பொறுமையும் நம்பகமான மெக்கானிக்கும் உள்ளவர்களுக்குப் பழைய முழு அளவு பிளேயர். எதை வாங்கினாலும் ஜாக், வால்யூம், லென்ஸ் என்ற மூன்று வார்த்தைகளைக் கடை வாசலில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் ஏமாற மாட்டார்கள்.

ஹெட்போன் வீட்டுச் சண்டையைத் தீர்க்கும். ஆனால் அது வேறொன்றையும் செய்யும். கூடத்தில் எல்லோர் காதிலும் விழுந்துகொண்டிருந்த பாட்டு ஒருவர் காதுக்குள் ஒடுங்கிவிடும். பேத்திக்குத் தாத்தா என்ன கேட்கிறார் என்பதே தெரியாமல் போகும். இந்தக் கவலை 1979-லேயே எழுந்தது. சோனியின் முதல் வாக்மேனில், தனியாகக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று கருதி, அதன் தலைவர் அகியோ மொரிடா இரண்டு ஹெட்போன் ஜாக் வைக்கச் செய்தார்.

இன்றைய பெட்டிகளில் இரண்டாவது ஜாக்கைத் தேட வேண்டியதில்லை. ஒரு ஜாக்கை இரண்டாகப் பிரிக்கும் சின்ன வயர் எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும். அதே ரகத்தில் இன்னொரு ஹெட்போன் இருந்தால் போதும். பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. மருமகளின் மீட்டிங் முடிகிற நேரத்தில், ஸ்கூலிலிருந்து பேத்தி வந்துவிடுவாள்.